வீடு திரும்பும் ஆண்டு

(நம் பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடந்த இளைஞர் கூட்டத்தில், பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஜூபிலி விழாவில் மாணவர் ஒருவர் பேச வேண்டும் என்று சாமியார் சொன்னபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று தயங்கினேன். ஜூபிலி என்ற சொல்லுக்கே பொருள் தேடினேன். லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் அது கிடைத்தது. ஐம்பதாம் ஆண்டு வரும்போது எக்காளம் ஊத வேண்டும். நிலத்தை இழந்தவன் தன் நிலத்துக்கும், அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்கும் திரும்ப வேண்டும். இதுவே ஆண்டவர் மோயீசன் வழியாகக் கொடுத்த கட்டளை. ஆக, ஜூபிலி என்பது தோரணமும் தேர்ப்பவனியும் மட்டுமல்ல. வீடிழந்தவன் வீடு திரும்பும் ஆண்டு. ஆகவே வீடிழந்தவர்களைப் பற்றியும், அவர்களுடைய வீட்டை மீட்டுத் தருகிறோம் என்று சொல்லி எல்லை தாண்டிச் செல்லும் படைகளைப் பற்றியும் என் மனத்தில் பட்டதைச் சொல்ல விரும்புகிறேன்.

வீடிழப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடல் அரிப்பு நம் கரையைத் தின்றுகொண்டிருப்பதை நானே பார்க்கிறேன். ஆனால் கடல் எவ்வளவு எடுத்துக்கொண்டாலும், "இது என் ஊர்" என்று சொல்லும் உரிமையை அது நம்மிடமிருந்து எடுக்கவில்லை.

அந்த உரிமையையும் இழந்தவர்கள் நமக்கு அருகிலேயே இருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கீழ்புத்துப்பட்டு. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. பேருந்தில் போகும்போது நாம் எல்லோரும் பார்த்ததுதான். இறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

என்னோடு படிக்கும் நண்பன் ஒருவன் ஒரு முகாமில் பிறந்து வளர்ந்தவன். முதல் நாள் வகுப்பில், "உனக்கு எந்த ஊர்?" என்று சாதாரணமாகக் கேட்டேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்த ஊரைச் சொல்லட்டும்? அப்பா விட்டு வந்த ஊரையா, நான் இருக்கிற இடத்தையா?" என்றான். அப்பாவின் ஊரை அவன் கண்ணால் கண்டதில்லை. இருக்கிற இடமோ அவன் ஊர் என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று நான் பேசுவது அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடித்தான்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தமிழர்கள் படகேறி இராமேசுவரம் கரைக்கு வந்தார்கள். 1987-க்குள் வந்தவர்கள் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். அந்த ஆண்டு ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். நம் படை கெட்ட எண்ணத்தோடு போகவில்லை. இதை நாம் மறக்கக்கூடாது.

ஆனால் நடந்தது என்ன? அக்டோபர் மாதமே படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. மக்கள் வீடுகளை விட்டுக் கோவில்களிலும் தேவாலயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஒதுங்கினார்கள். அக்டோபர் 21 அன்று படை யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நுழைந்தபோது மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் உயிரிழந்தார்கள். நம் போர்வீரர்களும் சுமார் 1,200 பேர் அந்த மண்ணில் மாண்டார்கள். அவர்களும் ஏழைத் தாய்மார் பெற்ற பிள்ளைகள்தாம். 1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவும் திரும்பி வந்தது.

இதில் என் நெஞ்சைத் தைத்த செய்தி ஒன்று உண்டு. ஒப்பந்தத்தை நம்பி, அமைதி வந்துவிட்டது என்று நம்பி, 25 ஆயிரம் பேர் அளவில் இங்கிருந்து கப்பலேறித் தங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். படை வெளியேறிய மூன்றே மாதத்தில், ஜூன் மாதம், இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் மறுபடியும் போர். திரும்பியவர்களில் பலர் இரண்டாம் முறை வீட்டைப் பூட்டிவிட்டுப் படகேறினார்கள். முதல் முறை வீட்டை இழந்தவர்கள், இரண்டாம் முறை நம்பிக்கையையும் இழந்தார்கள்.

"அப்படியானால் அயல்நாட்டுப் படை எங்குமே போகக்கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். 1971-ஐப் பாருங்கள். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். டிசம்பரில் போர் நடந்தது. 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அடுத்த சில மாதங்களில் அகதிகளில் மிகப் பெரும்பாலோர் வீடு திரும்பினார்கள். 1972 மார்ச்சில் இந்தியப் படையும் வங்கதேசத்தை விட்டு வந்துவிட்டது. அங்கே மக்கள் தாமே தேர்ந்த தலைவர்கள் இருந்தார்கள். ஆட்சியை அவர்கள் கையில் விட்டுவிட்டு வர முடிந்தது. இலங்கையில் அது முடியவில்லை.

ஆகவே, ஒரு படை வென்றதா தோற்றதா என்பது என் கேள்வி அல்ல. எதற்காகப் போனது என்று அது சொன்னதும் எனக்குப் போதாது. வீடிழந்தவன் வீடு திரும்பினானா? இந்த ஒரு கேள்வியே உரைகல். ஆப்கானிஸ்தானில் 1979-இல் சோவியத் படையும் 2001-இல் அமெரிக்கப் படையும் நுழைந்தன. இரண்டும் திரும்பிப் போய்விட்டன. அந்நாட்டு மக்கள் இன்னும் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகள். இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தால் பல வெற்றிகள் பித்தளை என்று தெரிந்துபோகும்.

அன்புக்குரியவர்களே, நம் ஆண்டவரின் வரலாறும் இங்கேதான் தொடங்குகிறது. உரோமைப் பேரரசன் தூரத்திலிருந்து போட்ட கட்டளைக்காக நிறைமாதக் கர்ப்பிணி பெத்லகேமுக்கு நடந்தாள், சத்திரத்தில் இடமில்லை. உரோமையின் தயவில் அரியணையில் இருந்த ஏரோது வாளை உருவியபோது, சூசையப்பர் இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடினார். திருக்குடும்பமே ஓர் அகதிக் குடும்பம். நம் காலத்திலும் மடு மாதா கோவிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது 1999 நவம்பரில் எறிகணை விழுந்து நாற்பது பேரளவில் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது குருக்கள் மாதாவின் சுரூபத்தையே தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தது. தாயும் பிள்ளைகளோடு இடம்பெயர்ந்தாள். அந்த ஆகஸ்டில் அவள் தன் கோவிலுக்குத் திரும்பிவிட்டாள். பிள்ளைகளில் பலர் இன்னும் திரும்பவில்லை.

2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டு முகாம்களில் 58 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். அந்த ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு 7,469 புதிய வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தது. "அகதிகள் முகாம்" என்ற பெயரையும் "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. நல்ல காரியம். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு குடும்பமே காலந்தள்ளிய துயரத்துக்கு அது மருந்து. ஆனால் சுவரும் கூரையும் மட்டும் வீடாகிவிடாது. தணிக்கை நாளில் வரிசையில் நின்று, "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று காட்ட வேண்டியிராத இடமே வீடு. குடியுரிமை கேட்பவர்க்கு அது கிடைக்க வேண்டும். திரும்ப விரும்புபவர்க்கு அங்கே நிலமும் பாதுகாப்பும் கிடைக்க வேண்டும். எது வேண்டும் என்பதை அவர்களே சொல்ல வேண்டும். இதைக் கேட்க நாம் வெட்கப்படக்கூடாது.

படைகளைத் தடுக்கும் வலிமை பொம்மையார்பாளையத்துக்கு இல்லை. ஆனால் நாம் செய்யக்கூடியவை உண்டு. ஜூபிலி நினைவாக நம் இளைஞர்கள், முகாம் பிள்ளைகள் விரும்பினால், அவர்களுக்கு மாலை வேளைகளில் பாடம் சொல்லித் தரலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர் தங்கள் வீடு சந்திப்பில் முகாமையும் சேர்த்துக்கொள்ளலாம். வீடு வாடகைக்கு விடுகிறவர்கள், "முகாம்காரர்" என்று கேட்டதும் கதவைச் சாத்தாமல் இருக்கலாம். என் நண்பனின் குடும்பத்துக்கு ஒரு கதவு அப்படிச் சாத்தப்பட்டது. சாத்தியவர் கோவிலுக்குப் போகிறவர்தான். பெத்லகேம் சத்திரக்காரனும் கெட்டவன் என்று வேதாகமம் சொல்லவில்லை; இடமில்லை, அவ்வளவுதான்.

நண்பனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "உன் ஊர் எது என்று நீயே சொல். நீ சொல்லும் வரை எங்கள் ஊருக்கு வந்து போ. எங்கள் திண்ணையில் உனக்கு இடம் உண்டு." நம் பங்கு மக்கள் எல்லோரும் இதையே சொன்னால், இந்த ஆண்டு நமக்கு உண்மையான ஜூபிலி ஆண்டாகும்.