மலக்குழி மரணங்களும் நம் கல்விக் கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் ஏற்றி வைத்த விளக்கின் ஒளியில் பலர் பட்டம் பெற்றனர், ஆசிரியராயினர், அரசுப் பணியில் அமர்ந்தனர். அவர்களை வாழ்த்தும் இந்நன்னாளில், விழா மேடைக்கு ஏலாததெனச் சிலர் எண்ணக்கூடிய ஒரு பொருளைப் பேச முன்வந்துள்ளோம். நம் மக்களை இன்றும் பலிகொள்ளும் பாதாளச் சாக்கடையும் கழிவுநீர்த் தொட்டியுமே அப்பொருள். 1993ஆம் ஆண்டு முதல் எடுக்கப்பட்ட கணக்குகளில் இத்தகைய மரணங்கள் மிகுந்த மாநிலங்களுள் ஒன்றாகத் தமிழகம் நிற்கிறது. இதை விடுத்துக் கல்வி பற்றிப் பேசுவது நமக்கு அழகாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் இரங்கல் தெரிவிக்க ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். சுவரில் மாலையிட்ட படங்கள் இரண்டு, அண்ணனும் தம்பியும். தொட்டிக்குள் இறங்கிய மூத்தவன் மயங்கி விழ, அவனைத் தூக்க இளையவன் இறங்கினான். இருவரும் மீளவில்லை. அவர்களைப் பெற்ற தாய் எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார். இரண்டாவது மகனை ஒருவருமா கையைப் பிடித்து நிறுத்தவில்லை என்பதே அவ்வினா. அதற்கு அன்று எங்களிடம் விடையில்லை. இன்றைய உரை அந்தத் தாய்க்கு நாம் தரவேண்டிய விடையாகும்.

இது ஓர் இல்லத்தின் கதை மட்டுமன்று. மூடுண்ட இடங்களில் நேரும் மரணங்களை ஆராய்ந்த அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், 1986இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அத்தகைய மரணங்களில் 60 விழுக்காட்டிற்கு மேல், காப்பாற்றச் சென்றவர்களின் மரணங்களே என்பது அதன் முடிவு. பாசமே பலியைப் பெருக்குகிறது. அறிவு துணை நில்லாத வீரம் இன்னொரு பாடையைத்தான் கட்டுகிறது.

குழிக்குள் நிகழ்வதென்ன? மலமும் கழிவும் அழுகுங்கால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு பிறக்கிறது. காற்றைவிடக் கனமாதலின் அது அடியிலேயே தங்குகிறது. சிறிதளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு அளவை அது எட்டினால், நுகரும் ஆற்றலே மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டதால் ஆபத்தும் நீங்கிற்று என்று நம்புவோன், உண்மையில் சாவின் வாயிலில் நிற்கிறான். 700 பங்கைத் தாண்டினால் ஓரிரு மூச்சில் நினைவு தப்பும், கூக்குரலிடவும் நேரமிராது. நாம் சுவாசிக்கும் காற்றில் 20.9 விழுக்காடு பிராணவாயு உண்டு. அது 19.5க்குக் கீழே குறைந்தால் அவ்விடம் மனிதர் புகத்தக்கதன்று. மீத்தேன் வாயுவோ காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு தீப்பொறியில் வெடிக்கும்.

ஆகவே, நம்மிடையே வழங்கும் சில நம்பிக்கைகளைக் கைவிட்டாக வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்ப்பது சோதனையாகாது, வெடிக்கு வழியாகும். மூக்கில் கட்டும் துணி தூசியைத் தடுக்கலாம், வாயுவைத் தடுக்காது. மது நாற்றத்தை மறக்கச் செய்யலாம்; நச்சை முறிக்காது. மூடியைத் திறந்து சிறிது நேரம் காத்திருந்தால் போதும் என்பதும் பிழையே. சேற்றினுள் அடைபட்டிருக்கும் வாயு, மிதித்துக் கிளறிய மறுகணமே வெளிப்படும்.

சட்டம் இதனை அறியாததன்று. வாயு நிறைந்த தொட்டியிலோ குழியிலோ இறங்கும் தொழிலாளிக்குச் சுவாசக் கருவியும் இடுப்புவாரும் வேண்டும், வாரில் பிணைத்த கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவே கூறியது. ஆயினும் தெருக் குழி தொழிற்சாலையாகக் கருதப்படவில்லை. அங்கு இறங்கியவன் தொழிலாளியாகவும் மதிக்கப்படவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புச் சாதனமின்றிச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்குவதை 7ஆம் பிரிவால் தடை செய்தது. முதல் குற்றத்திற்கே ஈராண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உயிரிழந்தோர் குடும்பத்திற்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு என 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அதனை முப்பது லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு நம் உரிமை, கேட்டுப் பெறவேண்டும். ஆனால் எத்தொகையும் அந்தச் சுவரில் உள்ள இரு படங்களைக் கீழிறக்காது.

இத்தகைய பணிக்கு எத்துணைப் பயிற்சி வேண்டும் என்பதற்கு ஒரு சான்று. 1986இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டத்தின் அடிப்படையில் எழுந்த விதிகள், நச்சுக்கழிவு நிலங்களில் முழுநேரம் பணிபுரிவோருக்கு 40 மணி நேர வகுப்பும், மேற்பார்வையில் 3 நாள் களப்பயிற்சியும், ஆண்டுதோறும் 8 மணி நேர மறுபயிற்சியும் வேண்டுமென்கின்றன. விபத்திடத்தை முதலில் அடைவோரின் தொடக்கநிலைக் கடமை யாது? ஆபத்தை அடையாளம் காண்பதும் உரியவர்க்குச் செய்தி தருவதுமே. உள்ளே புகுவது அவர் கடமையன்று. நம் மக்கள் பலர் ஒரு மணி நேரப் பயிற்சியுமின்றிக் குழியில் இறக்கப்பட்டனர் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஈண்டு இளைஞர் சிலர் ஒரு வினா எழுப்பினர். ‘இப்பயிற்சி இத்தொழிலை மீண்டும் நம் தோளிலேயே சுமத்தாதா? நம் பிள்ளைகளை இதிலிருந்து மீட்கத்தானே சங்கம் கண்டோம்?’ என்றனர். நேர்மையான வினா. இயந்திரம் செய்ய வேண்டிய பணிக்கு மனிதன் இறங்கவே கூடாது. இதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. எனினும், பட்டம் பெற்ற மகன் அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் நாளிலும், அவன் சிற்றப்பன் கூலிக்குக் குழியருகே நிற்கிறான். ஒப்பந்தக்காரர் கூடுதலாக நீட்டும் சில நூறு ரூபாயை மறுக்க வெறும் மானவுணர்ச்சி மட்டும் போதாது. உள்ளே இருப்பது இன்னது, சட்டம் சொல்வது இன்னது என்று எடுத்துரைக்கும் அறிவும் வேண்டும். இறங்க மறுப்பதற்கே நம் பயிற்சி. இறங்கியவன் விழுந்தால் இரண்டாவது உயிரைக் காப்பதற்கே நம் பயிற்சி.

குழிக்குள் ஒருவர் விழுந்துவிட்டால் செய்யத்தக்கவை சிலவே. முதலாவது, எவரையும் இறங்க விடாதீர். துடிக்கும் உறவினரை இருவர் மூவர் சேர்ந்து பற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது, தீயணைப்புத் துறையை 101 எண்ணிலும் அவசர ஊர்தியை 108 எண்ணிலும் அழைத்து, வாயு விபத்து என்றே கூறுங்கள். சுவாசக் கருவியோடு வருவார்கள். மூன்றாவது, கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுங்கள். அருகில் நெருப்பும் பீடியும் கூடா. வெளியே எடுத்தவரை நல்ல காற்றில் கிடத்துங்கள். மூச்சில்லையெனில், பயின்றவர் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டும்.

சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஆண்டுக்கு இருமுறை தீயணைப்பு வீரர்களை அழைத்து, செயல்முறை விளக்கத்துடன் பயிற்சி நடத்துவோம். சட்டப் பிரிவுகளை எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு வீடுதோறும் கொடுப்போம். கழிவுநீர் அகற்றும் ஊர்தியை அழைக்க உதவும் 14420 என்ற எண்ணும் அதில் இடம்பெறட்டும். மூன்றாவதாக, வகுப்பில் தாய்மாரும் தங்கையரும் முன்வரிசையில் அமரட்டும். குழியருகே ஓடிவந்து தடுத்து நிறுத்தும் கை பெரும்பாலும் அவர்களுடையதாகவே இருக்கும்.

இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பேரைப் பட்டதாரிகளாக்கினோம் என்று இன்று எண்ணினோம். பொன்விழா மலரை எழுதுவோர், நம் பகுதியில் எவரும் குழியில் இறங்கவில்லை, எவரும் குழியில் மாளவில்லை என்று எழுதும் பேறு பெறட்டும். அதற்கான முதல் வகுப்பை வரும் ஞாயிறே தொடங்குவோம். இளைஞர்கள் பெயர் கொடுத்துச் செல்லுமாறு வேண்டி விடைபெறுகிறோம்.