எழுபத்திமூன்றின் கிளாஸ்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த நேரம் பதினைந்து நிமிடம். தலைப்பு, 'ஓய்வுக்குப் பின் பயனுள்ள பொழுதுபோக்கு'. போன வருஷம் இதே தலைப்பில் ஒரு நண்பர் மாடித் தோட்டம் பற்றி அருமையாகப் பேசினார். நான் பேசப் போவது பார்களைப் பற்றி. சரியாகத்தான் கேட்டீர்கள். சகோதரிகள் முகம் சுளிக்க வேண்டாம். என் மனைவிக்கு எல்லாம் தெரியும். இதோ, கையில் வைத்திருக்கிறேனே, இந்த நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்ததே அவள்தான்.

இது நானும் என் நண்பனும் இரண்டு வருஷமாக வியாழக்கிழமை தோறும் சுற்றி எழுதிய நோட்டு. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், வண்டலூர், மாம்பாக்கம், கேளம்பாக்கம், சிறுசேரி என்று இதுவரை 23 இடம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க். எனக்கு ஒரு காலம், அவனுக்கு ஒரு காலம். அவன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. கடைசி வரிசையில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கிறான். ஆகவே ரோல் நம்பரைச் சொல்கிறேன்: எழுபத்திமூன்று. நம் செட்டுக்கு இது போதும்.

நாங்கள் முதலாண்டில் சேர்ந்தது 1983. டாஸ்மாக் பிறந்ததும் அதே 1983-இல்தான். அப்போது அது மொத்த வியாபாரம் மட்டும்தான். சில்லறைக் கடைகள் தனியாரிடம் இருந்தன, 'ஒயின்ஸ்' என்று போர்டு தொங்கும். சட்டப்படி 21 வயது ஆகியிருக்க வேண்டும். எங்களுக்கு எப்போது ஆயிற்று என்பதை இந்த மேடையில் சொல்வதற்கில்லை. எங்கள் முன்னாள் வார்டன் முதல் வரிசையில் இருக்கிறார். சார், வணக்கம்.

நம் ஊரில் அடுத்த தெருவில் போய் நாலு பேர் உட்கார்ந்து குடித்துப் பேசுகிற இடம் என்று ஒன்று வளரவே இல்லை. அதற்குக் காரணம் உண்டு. 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-க்குள் மாகாணம் முழுக்க வந்துவிட்டது. 1971-இல் கலைஞர் எடுத்தார், 1974-இல் மறுபடி கொண்டுவந்தார், 1981-இல் எம்.ஜி.ஆர். தளர்த்தினார். எங்கள் அப்பா தலைமுறைக்குக் குடி என்றால் ஒன்று பர்மிட், இல்லாவிட்டால் ஒளிவு மறைவு. 2003 நவம்பர் 29 முதல் சில்லறைக் கடையும் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. கடையை ஒட்டிய பாருக்கு டெண்டர் விடுகிறார்களே, எதற்கென்று தெரியுமா? தின்பண்டம் விற்பதற்கும் காலி பாட்டில் சேகரிப்பதற்கும். அவ்வளவுதான். கலந்து கொடுப்பது அதில் கிடையாது. பிராந்தியில் பன்னீர் சோடாவை ஊற்றுவதா, போவண்டோவை ஊற்றுவதா என்பது வாடிக்கையாளரின் சொந்த ஆராய்ச்சி. மற்ற ஊர்க்காரன் காக்டெயில் என்கிறான், நாம் 'மிக்ஸிங்' என்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2019-இல் எழுபத்திமூன்றுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கல்லீரல். டாக்டர் ஒரே வரியில் சொல்லிவிட்டார், இனி ஒரு சொட்டுக் கூடாது என்று. அவனும் விட்டுவிட்டான். பெரிய சபதமெல்லாம் இல்லை, விட்டான், அவ்வளவுதான். அப்புறம் கொரோனா. 2022-இல் நம் செட் ஒரு ஹோட்டல் ரூமில் கூடியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அவனும் வந்தான். ஆரஞ்சு ஜூஸ் டம்ளரை வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ரெண்டு நிமிஷத்தில் ஜூஸ் தீர்ந்துவிட்டது. காலி டம்ளரோடு எவ்வளவு நேரம் உட்காருவான்? அப்போது யாரோ ஒருத்தர், "ஒரு ஸ்மால்தானேடா, ஒண்ணும் ஆயிடாது" என்று சொன்னார்கள். எட்டேகாலுக்கு அவன் கிளம்பிப் போய்விட்டான். அடுத்த வருஷம் வரவில்லை.

அந்த யாரோ ஒருத்தர் நான்தான்.

இதை நான் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் சிறுசேரியில் அவன் மகன் வீட்டுக்குப் போனேன். பதினோராவது மாடி. கீழே ஐ.டி. கம்பெனி பஸ்கள் வரிசையாய் நிற்கின்றன. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவன் கையமர்த்தி, "விடுடா. எனக்குச் சரக்கு வேணாம். ஒன்கூட உட்கார எடம் வேணும்" என்றான். "வீட்டிலேயே உட்காரலாமே" என்றேன். உள்ளே பேரன் ஆன்லைன் டியூஷனில் இருந்தான். மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, நாங்கள் எப்போது முடிப்போம் என்று கதவோரம் பார்த்தாள். பாவம், அவளுக்கும் வேலை இருக்கும். சரி, வெளியே தேடுவோம் என்று கிளம்பினோம். டீக்கடையில் பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றால் அழகில்லை. காபி கடைகளில் பாட்டுச் சத்தம். அவனே சொன்னான்: "பாருக்கே போவோம். நீ குடி, நான் உக்கார்றேன். எங்க என்னை மனுஷனா மதிக்கிறான்னு பாப்போம்."

நோட்டு அப்படித்தான் ஆரம்பித்தது. மார்க் போடுவது அவன் கிளாஸுக்கு, என் கிளாஸுக்கு அல்ல.

முதல் இடம் கேம்ப் ரோடு பக்கம், தகரக் கூரை பார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு மார்க் போட்டேன். அவன் ஆறு போட்டான்! காரணம், அங்கே ஒரு ஒடிசாப் பையன். "சாருக்கு என்ன?" என்றான். "நான் சாப்பிடறதில்லப்பா" என்றான் இவன். பையன் சிரிக்கவில்லை, வற்புறுத்தவில்லை. ஒரு கண்ணாடிக் கிளாஸை இரண்டு தரம் கழுவி, பன்னீர் சோடாவில் எலுமிச்சை பிழிந்து, உப்புச் சிட்டிகை தூவிக் கொண்டுவந்து வைத்தான்.

அடுத்து, ஹோட்டல் ஏ.சி. பார்கள். எஃப்.எல்.3 லைசென்ஸ் என்பார்கள். இவை ஏன் இத்தனை இருட்டாக இருக்கின்றன என்று எனக்கு இன்று வரை புரியவில்லை. மெனுவை செல்போன் வெளிச்சத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. ஓ.எம்.ஆரில் ஒரு பளபளப்பான இடத்தில் நான் எட்டு போட்டேன், அவன் இரண்டுதான் போட்டான். அவனுக்கு வந்தது 'மாக்டெயில்'. நீல நிறம், மேலே ஒரு காகிதக் குடை, உள்ளே முழுக்க சிரப். பில்லைப் பார்த்தால் என் விஸ்கிக்கும் அவன் சர்பத்துக்கும் அதிக வித்தியாசமில்லை. அது போகட்டும். அவன் சொன்ன குறை வேறு. "இது கொழந்தைக்குக் குடுக்கிறதுடா. ரெண்டே மடக்குல போயிடுது. அப்புறம் ஒன் மொகத்தைப் பாத்துக்கிட்டு உக்காரணும்" என்றான்.

யோசித்துப் பாருங்கள். விஸ்கியை யாரும் மடமடவென்று குடிப்பதில்லை. எரிச்சலும் கசப்பும் இருப்பதால் நாக்கு மெதுவாகப் போகிறது. ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி, சோடாவோடு முக்கால் மணி நேரம் வரும். இனிப்பான பானம் பேச்சுக்கு முன்னாலேயே தீர்ந்துவிடுகிறது. அவனுக்கு இல்லாமல் போனது போதை அல்ல, அந்த முக்கால் மணி நேரம். நாற்பது வருஷம் கூடக் குடித்த எனக்கு இது தெரியவில்லை.

நோட்டில் அவன் பத்துக்கு ஒன்பது போட்ட இடம் ஒன்றே ஒன்று. அதுவும் சிறுசேரிக்குப் பக்கத்தில்தான், ஒரு ஹோட்டல் பார். கலந்து கொடுக்கிற பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கேட்டரிங் படித்தவன். எழுபத்திமூன்று தயங்கித் தயங்கி, "இனிப்பு வேணாம் தம்பி, ஆல்கஹால் துளிகூட வேணாம், ஆனா கசக்கணும்" என்றான். பையன் வழக்கமாக எடுக்கிற சின்னப் பாட்டிலை எடுத்தவன், திருப்பி அலமாரியில் வைத்துவிட்டான். அது பிட்டர்ஸ். காக்டெயிலில் சொட்டுச் சொட்டாக விடுகிற கசப்பு. 1806-இல் அமெரிக்காவில் ஹட்சன் நகரத்துப் பத்திரிகை ஒன்று காக்டெயிலுக்குச் சொன்ன விளக்கமே மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்பதுதான். ஆனால் அங்கோஸ்டுரா பிட்டர்ஸில் நூற்றுக்கு 44.7 பங்கு ஆல்கஹால். நம் பிராந்தியைவிட அதிகம்! "சில சொட்டுதான், இருந்தாலும் வேண்டாம் சார்" என்றான் பையன். எனக்கு அன்றுவரை இது தெரியாது. எத்தனை இடத்தில் இவனுக்கு அதை விட்டுக் கொடுத்தார்களோ!

பிறகு டானிக் வாட்டர் எடுத்தான். அதன் கசப்பு கொய்னா. மலேரியா மருந்து. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுப்பது. 1860-களில் வெள்ளைக்காரர்கள் நம் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனா பயிரிட்டார்கள். டானிக்கிலும் சர்க்கரை உண்டு என்பதால் பாதி டானிக், பாதி சோடா. அரை எலுமிச்சை, கையில் தட்டிய புதினா ஏழெட்டு இலை, நிறைய ஐஸ். எழுபத்திமூன்று ஒரு வாய் குடித்தான். உதட்டைச் சப்புக்கொட்டினான். "கசக்குதுடா" என்றான், ரிசல்ட்டில் பாஸ் என்று வந்த மாதிரி. அன்று ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தோம். அவன் கிளாஸ் தீர்வதற்கு முன் என்னுடையது தீர்ந்துவிட்டது. மூன்றாம் ஆண்டில் யார் யாருக்குக் கடிதம் எழுதியது என்கிற பழைய வழக்கும் அன்றுதான் தீர்ந்தது. தீர்ப்பு இந்த மலருக்கு உகந்ததல்ல.

இன்னொரு சௌகரியம். திரும்பும்போது வண்டி அவன்தான் ஓட்டுவான். நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019-க்குப் பின் முதல் தடவைக்கே அபராதம் பத்தாயிரம். வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டில் ராத்திரி ஒன்பதரைக்கு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, புதுப்பாக்கம் மலையைத் தாண்டிச் சேலையூர் வரை வருகிற அந்தக் காற்றுக்கு நோட்டில் தனியாகப் பத்து மார்க் போட்டிருக்கிறோம். திரும்ப அத்தனை தூரம் அவன் தனியாகப் போக வேண்டும் என்பதை நான் பல வாரம் யோசிக்கவே இல்லை. இப்போது இரண்டு வாரத்துக்கொருமுறை நான் பஸ்ஸில் போய் அவன் வீட்டிலேயே தங்கிவிடுகிறேன்.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். ஒரே ஒரு அறிவிப்பு. இன்று இரவு எட்டு மணிக்கு நம் செட் மட்டும் மாடி ஹாலில் கூடுகிறது. குடிப்பவர்களுக்கான ஏற்பாடு எப்போதும் போல இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். அதே மேஜையில், அதே மாதிரிக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்ற, இரண்டு டஜன் டானிக் வாட்டர், ஒரு டஜன் சோடா, ஐம்பது எலுமிச்சை, நாலு கட்டு புதினா, ஒரு பெட்டி ஐஸ் சொல்லியிருக்கிறேன். நம் செட்டில் குடிக்காதவர்கள் இப்போது ஒன்பது பேர் என்று விசாரித்ததில் தெரிந்தது. எழுபத்திமூன்று கலந்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். புதினா ஆய மட்டும் இரண்டு பேர் தேவை. ஏழரைக்கு வந்துவிடுங்கள், கத்தி நான் கொண்டுவருகிறேன்.