சந்நிதியும் தடுப்பணையும்: பொறியியலாளர் எஸ். ஆறுமுகத்தின் பணி

 இன்று நினைவுகூரப்படுபவர் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் (1905–2000). இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பிரதிப் பணிப்பாளராக இருந்தவர். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை 1954-இல் முன்வைத்தவர். இலங்கையின் நீர்வளம் பற்றிய அவருடைய பெருநூல் 1969-இல் வந்தது. ஓய்வுக்குப் பிறகு பழைய சைவக் கோயில்களைப் பற்றி எழுதினார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பின், 1997-இல், இலங்கைத் தமிழர் வாழ்க்கை வரலாற்று அகராதியை வெளியிட்டார். இவை அவையோர் அறிந்த செய்திகள்.

அவரைப் பற்றிய வழக்கு எங்கே சிக்கி நிற்கிறது என்பதும் இங்குள்ள பலருக்குத் தெரியும். பொறியியல் துறையினர் அவருடைய திட்டத்தை மட்டும் பேசுவார்கள். கோயில் நூல்கள் 'பென்சன் எடுத்தவரின் பக்தி' என்று ஒதுக்கப்படும். சைவ சபைகளில் கோயில் நூல்களைப் போற்றுவார்கள். அணைக்கட்டுப் பேச்சு அங்கே எழாது. இப்படி மனிதரை இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டதால்தான் அவருடைய திட்டமே நமக்குப் புரியாமல் போனது. இந்தக் கருத்தைக் கருத்தரங்குகளில் சொன்னபோதெல்லாம் நேரமில்லை என்று நிறுத்திவிட்டார்கள். இன்று நேரம் இருக்கிறது.

அவருடைய திட்டத்தைப் புரிந்துகொள்ள, தடுப்பணையும் கோயிலும் ஒரே கரையில் நிற்கும் தொண்டைமானாற்றுக்குப் போவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரிமழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே உவர் ஏறுவதும் அதே கணக்கில்தான். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இரவு பகலாக இறைக்கும் தோட்டக்காரருக்கு இந்தக் கணக்கை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கிணற்றுத் தண்ணீர் கரிக்கும்போது அவரே அறிகிறார். வடமராட்சிக் கடல்நீரேரி கடலோடு கலக்கும் வாய்தான் தொண்டைமானாறு. மாரியில் வெள்ளத்தைக் கடலுக்கு விட்டு உப்பைக் கழுவுவது, பிறகு கதவை அடைத்துக் கடலை வெளியே நிறுத்துவது: 1950களின் தொடக்கத்தில் முடிந்த அந்தத் தடுப்பணையின் வேலை இவ்வளவுதான். ஆண்டுக்காண்டு இதைச் செய்துவந்தால் ஏரி நன்னீராகும், சுற்றுக் கிணறுகள் தெளியும், உவர்த்தரை வயலாகும்.

அணையிலிருந்து நடந்துபோகும் தொலைவில் செல்வச்சந்நிதி முருகன் கோயில். 'ஆற்றங்கரையான்' என்றுதான் ஊரார் அழைப்பார்கள். வாயை வெண்துணியால் கட்டி மௌனமாகப் பூசை செய்யும் கப்பூகர் மரபு, ஆலிலையில் படைக்கும் அமுது, வந்தவர் எவராயினும் சோறு போடும் மடங்கள், கதிர்காமத்துக்கு இங்கிருந்து புறப்படும் பாதயாத்திரை என்று எல்லாம் தொடர்கின்றன. போரில் கோயில் அழிவைச் சந்தித்தது. ஊரவர் திரும்பியபோது பூசையும் திரும்பியது. எந்தத் திணைக்களமும் உத்தரவு போடவில்லை.

அணைக்கு அப்படிச் சொந்தக்காரர் இல்லை. கதவாக இருந்த மரப்பலகைகள் உக்கின. பலகை எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்பது அலுவலகத்துக்குள்ளேயே முடங்கியது. இறால் பிடிப்பவருக்குக் கடல்நீர் உள்ளே வரவேண்டும். வயற்காரருக்கு வரவே கூடாது. இவ்விருவரையும் ஒரே பாயில் உட்கார வைக்க எந்த அலுவலகத்தால் முடியும்? சந்நிதியில் அவர்கள் ஏற்கெனவே ஒன்றாகத்தான் உட்காருகிறார்கள். கடற்றொழில் செய்த மருதர் கதிர்காமரை அக்கோயிலின் முதற் பூசகராக மரபு சொல்கிறது. அன்னதானத்துக்கு நெல்லும் மரக்கறியும் கொண்டுவருபவர் தோட்டக்காரர். ஒரே கரையில் இரண்டு கட்டடங்கள். ஒன்றை ஊர் தன் வீட்டு விளக்கைப் போலக் காத்தது, மற்றது உக்கிப்போனது.

அணையும் வாய்க்காலும் திட்டமிட்ட ஒருவர், ஓய்வுக்குப் பின் நகுலேஸ்வரம், கேதீஸ்வரம், கோணேஸ்வரம் என்று கோயில் வரலாறுகளைத் தேடிப் போனதை வெறும் முதுமைப் பக்தி என்று எப்படித் தள்ளுவது? பக்தி இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இடிக்கப்பட்ட பின்னும் எழுந்து நிற்கும் அமைப்பு எது என்ற கேள்விக்கு இந்த மண்ணில் இருக்கும் ஒரே விடையையும் அந்த நூல்கள் பதிந்து வைத்திருக்கின்றன. 1948-இல் தொடங்கிய கேதீஸ்வரத் திருப்பணி 1976-இல் கும்பாபிஷேகம் கண்டது. இருபத்தெட்டு ஆண்டுகள் சலிக்காமல் நின்றார்கள். அந்தப் பொறுமையில் பாதிகூட நீர்த்திட்டம் எதற்கும் கிடைக்கவில்லை.

இனி எதிர்வாதம். வடமராட்சி ஏரி ஆழமற்றது, தேக்கும் நீர் கோடையில் ஆவியாகிவிடும், ஆகவே திட்டம் தோற்றது என்கிறார்கள். ஆவியாகும், உண்மை. ஆனால் அளக்க வேண்டியது ஆவணியில் ஏரியில் நிற்கும் நீரையல்ல, கரையோரக் கிணற்றின் உப்பை. அதோடு, கனகராயன் ஆற்று வெள்ளத்தை ஆனையிறவு ஏரியில் மறித்து வடமராட்சிக்குக் கொண்டுவரவேண்டிய முள்ளியான் வாய்க்கால் முடிக்கப்படவேயில்லை. ஆனையிறவு ஏரியை மறித்த சுண்டிக்குளம் அணைக்கட்டை வெள்ளம் உடைத்தது. ஒருமுறைகூட முழுமையாக இயங்காத ஒன்றைத் தோல்வி என்று தீர்ப்பளிப்பது பொறியியல் அல்ல.

 

செய்யவேண்டியவை சில. வடமராட்சி ஏரியைச் சுற்றியுள்ள கிணறுகளின் உப்பளவை, கதவு திறந்து மூடும் நாட்களோடு சேர்த்துப் பல்கலைக்கழக மாணவர் பதியலாம். நகுலேஸ்வரத்தை அடுத்த கீரிமலைக் கேணியின் ஊற்று எந்தப் பருவத்தில் எவ்வளவு சுரக்கிறது என்று அளக்கலாம். கோயில் தீர்த்தக் கிணறுகளின் பட்டியல் ஒன்று வேண்டும். ஆறுமுகத்தின் 1954 திட்டத்துக்குப் பள்ளி மாணவருக்கேற்ற தமிழ்ச் சுருக்கம் வேண்டும். தொண்டைமானாற்றுக் கதவுகளுக்குக் கடற்றொழிலாளர், வயற்காரர், கோயிலார், திணைக்களத்தார் சேர்ந்த பரிபாலன சபை ஒன்றை அடுத்த மாரிக்கு முன் அமைத்துப் பார்க்கலாம். முதற் கூட்டத்துக்குச் சந்நிதி மடமொன்றைக் கேட்கலாம்.