தானித் என்னும் பெயர்



நாடு விட்டு நாடு சென்று குடியேறிய மக்கள் வழிபடும் தெய்வம், தாயகத்திலிருந்து கொணர்ந்ததா, புகுந்த மண்ணில் பெற்றதா? இவ்வினாவை எழுப்பிய ஒரு பெயரைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விழைகின்றோம்.

இன்றைய லெபனான் கடற்கரையில் வாழ்ந்த பினீசியர் கடலோடிகள், வாணிகத்தில் வல்லவர். அவருள் தீரு நகரத்தார் வட ஆப்பிரிக்கக் கரையில் கார்த்தேஜ் நகரை நிறுவினர், அது கி.மு. 814இல் என்பது மரபு. அந்நகர் போற்றிய பெருந்தெய்வம் தானித். 'பாஅலின் முகம்' என்னும் அடைமொழியுடன் அவள் பெயர் ஆயிரக்கணக்கான நேர்த்திக் கற்களில் பொறிக்கப்பட்டுள்ளது.

பினீசியர் மெய்யை மட்டுமே எழுதினர். உயிரை எழுதும் வழக்கம் அவர்பால் இல்லை. ஆதலின் அப்பெயர் த், ன், த் என மூன்று மெய்களாகவே நிற்கின்றது. 'தானித்' என்பது பிற்கால அறிஞர் உயிர் இட்டு வழங்கிய ஒலிப்பே. அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரையொட்டிய எல் ஹோஃப்ராவில் கிடைத்த கற்கள் சிலவற்றில், உயிரையும் குறிக்கும் கிரேக்க எழுத்தில் அப்பெயர் 'தினித்', 'தென்னித்' எனக் காணப்படுகின்றது. ஆகவே 'தின்னித்' என்பதே உண்மை ஒலிக்கு அணித்தாகலாம் என்பர்.

பொருள் யாது? கடல்நாகத்தைக் குறிக்கும் 'தன்னின்' என்னும் செமிட்டியச் சொல்லொடு இயைத்து, 'நாகத்துக்கு உரியவள்' என்றார் அமெரிக்க அறிஞர் ஃபிராங்க் மூர் கிராஸ். 'புலம்புபவள்' என்றனர் வேறு சிலர். எகிப்தின் நெயித் தெய்வத்தோடு இணைத்தோரும் உளர். பெர்பெர் மொழிகளில் பெண்பாற் பெயர்கள் தகர ஒலியில் தொடங்கித் தகர ஒலியில் முடிதல் பெருவழக்கு. ஆதலின் இவள் ஆப்பிரிக்க மண்ணின் தெய்வமே என்றும் பலர் கருதினர். கார்த்தேஜில் இப்பெயர் கி.மு. 5ஆம் நூற்றாண்டு முதலே மிகுந்து காணப்படுதல் அக்கருத்துக்குத் துணையாயிற்று.

1970களின் தொடக்கத்தில், தீருவுக்கும் சீதோனுக்கும் இடைப்பட்ட சரெப்தாவில் ஜேம்ஸ் பிரிச்சர்டு தலைமையில் அகழ்ந்தனர். ஆங்கு ஒரு சிறு தந்தப் பலகை கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டையொட்டிய அதில் 'தானித்-அஷ்தார்த்' என்னும் பெயர் இருந்தது. தாயகத்திலேயே அவள் பெயர் வழங்கியது தெளிவாயிற்று. பெயரின் பொருளோ இன்றும் ஆராய்ச்சிக்கு உரியதாகவே உள்ளது.

அன்பர்களே! ஓசை ஒப்புமை அறிஞரைப் பல திசைகளில் ஈர்த்தது. மண்ணில் கிடைத்த சான்றே வழி காட்டியது. 'தனி', 'தண்' என நம் சொற்களோடும் அப்பெயரை இணைத்துக் காண நம்முள் சிலர்க்கு ஆசை எழலாம். சான்றின்றி உரிமை கொண்டாடுதல் தமிழ்ப்பற்று ஆகாது.

கி.மு. 146இல் கார்த்தேஜ் அழிந்தது. அம்மொழியும் பின்னாளில் வழக்கொழிந்தது. தாம் நாள்தோறும் அழைத்த அன்னையின் பெயரை அம்மக்கள் எவ்வாறு ஒலித்தனர் என்பதைப் பிறர் எழுத்தைக் கொண்டே இன்று உணர்கின்றோம். வேற்றூரில் வாழும் நாம், நம் பெயர்களையும் வழக்குகளையும் நம் எழுத்திலேயே எழுதி, நம் மக்கட்கு ஒலித்தும் காட்டுவோமாக.