குன்னூர் எலிகளுக்கு எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

ஒரு நேயர் அனுப்பிய வாய்ஸ் நோட்டை வைத்துத்தான் இன்றைக்கு முழு எபிசோடும். அவங்க உயிரியலில் பி.எச்டி சேரப்போறாங்க. கையில் இரண்டு கைடு. ஒருவருக்கு எச்-இண்டெக்ஸ் 41, இன்னொருவருக்கு 14. "எல்லாரும் 41 பக்கம்தான் போகச் சொல்றாங்க. நீங்க டேட்டா ஆளாச்சே, என்ன சொல்றீங்க?" இதுதான் கேள்வி.

அஞ்சாறு வருஷ வாழ்க்கையை ஒரு எண்ணை நம்பி முடிவு பண்ணப்போறாங்க. அதனால் அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

எண் எப்படி வருகிறது?

ஒரு ஆய்வாளரின் கட்டுரைகளை, மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். 50, 18, 6, 4, 1 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 4 மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் 4 இருக்கின்றன. குறைந்தது 5 வாங்கியவை 5 இல்லை. ஆக எச்-இண்டெக்ஸ் 4. 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. கோட் எழுதினால் நாலு வரி.

இப்போ முதல் கட்டுரைக்கு 50-க்குப் பதிலாக 5,000 மேற்கோள் வந்தது என்று வையுங்கள். எச் என்ன? அதே 4. ஒரு துறையையே மாற்றிப்போட்ட கட்டுரை இந்தக் கணக்கின் கண்ணில் படாது. இன்னொன்று, இது ஏறும், இறங்கவே இறங்காது. பத்து வருஷமாக லேப் பக்கமே வராதவருக்கும் பழைய கட்டுரைகள் எண்ணை ஏற்றிக்கொண்டே இருக்கும். அதனால் 55 வயதுக்காரரையும் 38 வயதுக்காரரையும் இதை வைத்து ஒப்பிடுவது, ஓடோமீட்டரைப் பார்த்து எந்தக் கார் வேகம் என்று சொல்வது மாதிரி.

எங்கே பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். கூகுள் ஸ்காலர் தீசிஸ், புத்தகம், ரிப்போர்ட் எல்லாவற்றிலும் இருக்கும் மேற்கோளை எண்ணும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களை வைத்துத்தான் முக்கியமாக எண்ணும். ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று எச். பெரும்பாலும் ஸ்காலரில்தான் அதிகம்.

நம்ம ஊர்ப் பிரச்சினை ஒன்றும் இருக்கிறது: இனிஷியல். மேற்கத்திய டேட்டாபேஸுக்குக் குடும்பப் பெயர் வேண்டும், நமக்கு அது கிடையாது. எஸ். குமார் என்று எத்தனை பேர்! எல்லாரும் ஒரே ஆளாகச் சேர்ந்துவிடுவார்கள். அல்லது ஒரே பெண் ஆய்வாளர் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இனிஷியலிலும், அப்புறம் கணவர் பெயரோடும் எழுதி இரண்டு ஆளாகப் பிரிந்துவிடுவார். பெயரை பிரைமரி கீயாக வைத்தால் இதுதான் கதி. அதற்காகத்தான் 2012-ல் ஆர்சிட் என்ற 16 இலக்க எண் வந்தது. கைடிடம் ஆர்சிட் இருந்தால் அதை வைத்துத் தேடுங்கள்.

இப்போ குன்னூருக்கு வருவோம்

நான் இதைப் பதிவு பண்ணுவது குன்னூரிலிருந்து. இங்கே சிம்ஸ் பார்க் பக்கத்தில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. 1907-ல் நாய்க்கடி சிகிச்சைக்காக ஆரம்பித்தது. டூரிஸ்ட்டாக வந்தவர்கள் அதைத் தாண்டித்தான் பார்க்குக்குள் போயிருப்பீர்கள். நம்மில் பலர் சின்ன வயதில் போட்டுக்கொண்ட முத்தடுப்பு ஊசியைத் தயாரித்த இடங்களில் அதுவும் ஒன்று. ஒரு ஊசி மருந்துக் குப்பிக்கு மேற்கோள் எதுவும் ஏறாது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த இன்ஸ்டிடியூட்டில் இடம் வாங்கி, 1918 வாக்கில் ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் சத்துக்குறைவு நோய்கள் பற்றி வேலை ஆரம்பித்தார். 1923-ல் அரசாங்கச் சிக்கனம் என்று சொல்லி ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். 1925-ல் திரும்ப ஆரம்பித்தது. அப்புறம் அவர் செய்த ஒரு சோதனை பிரபலமானது. எலிகளைக் குழு குழுவாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டையும் ஒவ்வொரு குழுவுக்குக் கொடுத்தார். கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சாப்பிட்ட 'சீக்கிய' எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. கடைசியில் வந்தது யார்? அரிசிச் சோற்றை நம்பியிருந்த நம்ம 'மதராஸ்' எலிகள்தான்.

அந்தச் சின்ன லேப்தான் நியூட்ரிஷன் ரிசர்ச் லேபரட்டரீஸ் ஆனது. 1935-ல் வாலஸ் அய்க்ராய்ட் பொறுப்புக்கு வந்தார். 1937-ல் 'ஹெல்த் புல்லட்டின் நம்பர் 23' என்று ஒன்று வெளியானது. கேழ்வரகில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து, முருங்கைக் கீரையில் என்ன இருக்கிறது என்று இந்திய உணவுப் பொருட்களுக்கான அட்டவணை. 1958-ல் லேப் ஹைதராபாத்துக்குப் போனது. 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறியது. குன்னூரில் வேலை பார்த்திருந்த சி. கோபாலனும் இருவரும் சேர்ந்து அந்த அட்டவணையை 1971-ல் விரிவாகக் கொண்டுவந்தார்கள். 2017-ல் 528 உணவுகளோடு புதிதாக அளந்து போட்டார்கள்.

டயட்டீஷியன் படிப்பவர்கள் யாரையாவது கேளுங்கள். அந்த அட்டவணை இல்லாமல் ஒரு செமஸ்டர் ஓடாது. மருத்துவமனை டயட் சார்ட், சத்துணவுக் கணக்கு என்று எங்கே நம்ம ஊர்ச் சாப்பாட்டை எண்ணாக மாற்றினாலும் அந்த வேலையின் வாரிசு ஏதோ ஒன்று அடியில் இருக்கும். ஆனால் 1937 புல்லட்டினை எத்தனை பேர் இன்றைக்கு மேற்கோள் காட்டுகிறார்கள்? புதிய பதிப்பைக் காட்டுவார்கள், அல்லது 'இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே' என்று எதையும் காட்ட மாட்டார்கள்.

நம்ம பாஷையில் சொன்னால் இது டிபெண்டென்சி. உங்கள் ஆப் நாலு லைப்ரரியை நேரடியாகக் கூப்பிடும், அந்த நாலும் நானூறைக் கூப்பிடும். அடியில் இருப்பதன் பெயர் உங்கள் ஃபைலில் இருக்காது. அது உடைந்தால்தான் அப்படி ஒன்று இருந்ததே தெரியும். ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் அறிவியலில் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்: பொதுஅறிவில் கரைந்து, மூலம் அழிந்துபோவது.

கட்டுரைக்கு முன்னால் வந்த பலன்

இன்னொரு உதாரணம். வி. ராமலிங்கசாமி 1947 முதல் 1954 வரை இதே குன்னூர் லேபில் நோயியல் நிபுணராக இருந்தவர். பிறகு அவரும் குழுவினரும் 1956-ல் ஹிமாச்சல் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். கழுத்துக் கழலை அதிகமிருந்த இடம். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. அயோடின் உப்பு போன இடங்களில் கழலை குறைந்தது. 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. நீண்டகால முடிவுகளைச் சொல்லும் முக்கியமான கட்டுரை உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது எப்போது தெரியுமா? 1973-ல்.

இதை இம்பேக்ட் ஃபேக்டரோடு வைத்துப் பாருங்கள். ஒரு இதழ் கடந்த இரண்டு வருஷத்தில் போட்ட கட்டுரைகளுக்கு இந்த வருஷம் சராசரியாக எத்தனை மேற்கோள் என்பதுதான் அது. அளப்பது இதழை, ஆளை அல்ல. யூஜின் கார்ஃபீல்ட் அதை உருவாக்கியதே எந்த இதழ்களைக் கவனிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதற்காக. இரண்டு வருஷ ஸ்கேலை வைத்துக்கொண்டு பதினேழு வருஷ வேலையை எப்படி அளப்பது?

எண்ணே இலக்கானால்

ஸ்டோரி பாயிண்ட்டை வைத்து அப்ரைசல் என்று மேனேஜர் சொன்ன மறுநாள் டிக்கெட்டெல்லாம் என்ன ஆகும் என்று ஐ.டி.யில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆராய்ச்சியிலும் அதேதான். சென்னையின் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் இளநிலை மாணவர்களைத் தேர்வு மாதிரி உட்காரவைத்துக் கட்டுரை எழுதவைத்ததையும், அவை அதே கல்லூரியின் கட்டுரைகளைக் குவியலாக மேற்கோள் காட்டியதையும் 2023-ல் 'சயின்ஸ்' இதழ் வெளியிட்டது. ரேங்கிங்கில் அந்த எண்களுக்கு மதிப்பெண் இருக்கிறது என்பதுதான் பின்னணி.

வருஷா வருஷம் பேப்பரில் வரும் 'ஸ்டான்ஃபோர்டின் டாப் 2 சதவீத விஞ்ஞானி' செய்தியையும் கவனியுங்கள். அது ஸ்டான்ஃபோர்ட் கொடுக்கும் விருது அல்ல. ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவிலிருந்து போடும் பட்டியல். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்தால் என்ன இடம் என்றும் அதே பட்டியலில் இருக்கும். செய்தியில் அந்தக் காலம் வராது.

சரி, யாரிடம் சேரலாம்?

எண்ணைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு நாலு விஷயம் பாருங்கள்.

ஒன்று, கடைசி ஐந்து வருஷக் கட்டுரைகளை மட்டும் எடுங்கள். உயிரியலில் வழக்கமாக முதல் பெயர் வேலை செய்தவர், கடைசிப் பெயர் லேப் தலைவர். முப்பது பேரில் பதினேழாவது பெயராக வந்தவை எத்தனை என்று எண்ணுங்கள்.

இரண்டு, 'சோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகத் தீசிஸ்கள் இருக்கின்றன. கைடு பெயரைப் போட்டு அவரிடம் முடித்த மாணவர்களைக் கண்டுபிடியுங்கள். அவர்கள் முதல் பெயராகக் கட்டுரை எழுதியிருக்கிறார்களா? உங்கள் எதிர்காலத்துக்கு நெருக்கமான தரவு இதுதான்.

மூன்று, அமெரிக்க என்.ஐ.எச்.சின் 'ஐசைட்' இலவசம். பப்மெட் கட்டுரைகளை அதே துறைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு மதிப்பு சொல்லும். மருத்துவச் சோதனைகளும் சிகிச்சை வழிகாட்டிகளும் மேற்கோள் காட்டியிருக்கிறதா என்றும் காட்டும்.

நாலு, எண்ணில் வராத வேலை. டேட்டாசெட், பரிசோதனை முறை, தடுப்பூசி, அரசுக் கொள்கைக் குழு. நேரில் கேளுங்கள்: "சார், உங்க வேலையை இப்போ யார் யூஸ் பண்றாங்க?" சந்தோஷமாக அரை மணி நேரம் பதில் சொல்பவரை நம்பலாம்.

எச் 14 ஆளின் மாணவர்கள் தங்கள் பெயரில் எழுதி, நேரத்துக்கு முடித்து, நல்ல இடத்தில் இருந்தால் நான் அங்கேதான் போகச் சொல்வேன். 41-லும் அது இருந்தால், தாராளமா அங்கே போங்க. அதுக்கு முன்னாடி, இரண்டு லேபிலும் இப்போ படிக்கிற ஒருத்தரோட உட்கார்ந்து ஒரு டீ சாப்பிடுங்க. ப்ரொஃபசர் இல்லாத நேரமாகப் பார்த்து.

என்ன முடிவு பண்ணீங்கன்னு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.