இல்லாத நண்பனுக்கு ஓர் இசைத்தட்டு

இசைத்தட்டைக் கேட்டு மகிழும் நாம், அது உருவான கூடத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. லண்டன் மாநகரின் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில், 1975-ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஜூலை வரை, பிங்க் ஃபிளாய்டு என்னும் ராக் இசைக் குழுவினர் ஓர் இசைத்தட்டை உருவாக்கினர். 1973-இல் வெளிவந்த முந்திய தட்டு பெரும்புகழ் தந்திருந்தது, ஊக்கமோ வற்றியிருந்தது.

முன்னர் வீட்டுப் பொருள்களைக் கொண்டே இசையமைக்க முயன்று கைவிட்டிருந்தனர். ஆயினும், மதுக்கிண்ணங்களின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்து எழுப்பிய நாதம் வீண்போகவில்லை. ஜலதரங்கத்தில் நாம் கிண்ணத்தைத் தட்டுகிறோம்; அவர்கள் தேய்த்தார்கள். புதிய தட்டின் தொடக்கத்தில் அந்நாதமே இழைகிறது. அதன்மேல் டேவிட் கில்மர் கிதாரில் மீட்டிய நான்கே சுரங்கள் ஒலிக்கின்றன. அவற்றின் ஏக்கம், மனநலம் குன்றி 1968-இல் குழுவைப் பிரிந்த சிட் பாரெட்டை ரோஜர் வாட்டர்ஸுக்கு நினைவூட்டிற்று. நண்பனைப் பற்றிய நெடும்பாடல் பிறந்தது.

ஜூன் 5 அன்று, தலையும் புருவமும் மழித்த, உடல் பருத்த ஒருவர் கூடத்திற்குள் வந்தார். நெடுநேரம் எவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவரே பாரெட்! உணர்ந்தபோது நண்பர்கள் கண்ணீர் விட்டனர். பாரெட் 2006-இல் மறைந்தார்.

தொலைவில் வாழும் நாமும், உற்றாரைப் பிரிந்த நாளில் கண்ட முகத்தோடேயே நினைத்திருக்கிறோம். அவர்களோ மாறிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டில் போற்றுவது எளிது. நேரில் அறிந்துகொள்வதே அரிது.