கொரலென்கோவையும் வாசியுங்கள்



ரஷ்ய இலக்கியம் என்றதும் எங்கள் மத்தியில் நாலு பெயர்கள்தான் உடனே வாயில் வரும். டோல்ஸ்டோய், தாஸ்தாயெவ்ஸ்கி, கோர்க்கி, செக்கோவ். அந்தப் பெரியவர்களைப் பற்றி நான் இன்று கதைக்கப் போவதில்லை. அவர்களுக்கு என்னுடைய சிபாரிசு தேவையில்லை. அதே அலுமாரியில் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தும் கைபடாமல் கிடந்த சிலரைப் பற்றியே சொல்ல வந்தேன்.

அலுமாரி என்று சொன்னது எங்கள் ஊர் வாசிகசாலை அலுமாரியை. மாஸ்கோவிலிருந்த முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சிட்ட நூல்கள் அங்கே இருந்தன. சென்னையில் அவற்றை விநியோகித்தது நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம். கெட்டி அட்டை, நல்ல தாள், விலையோ சொற்பம். 1991 இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரவு நின்றுபோனது.

1996 இல் நாங்கள் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினாறு வயது. என்னுடைய பையில் வாசிகசாலைக்குத் திருப்பிக் கொடுக்காத ஒரு புத்தகம் இருந்தது. திருப்பிக் கொடுக்க வாசிகசாலையும் இல்லை. மண்ணெண்ணெய் அருமையான காலம். ஜாம் போத்தல் விளக்கில் அந்தப் புத்தகத்தை இரண்டு தரம் வாசித்தேன். விளாதிமிர் கொரலென்கோவின் 'கண் தெரியாத இசைஞன்'. தமிழில் தந்தவர் ரா. கிருஷ்ணையா.

கொரலென்கோ 1853 இல் பிறந்து 1921 இல் மறைந்தவர். சார் மன்னனுக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்ததற்காகச் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர். திரும்பி வந்து 1886 இல் இந்தக் கதையை வெளியிட்டார். உக்ரைன் நாட்டுப்புறத்தில் வசதியான வீடொன்றில் பார்வையில்லாமல் ஒரு பிள்ளை பிறக்கிறது. தாய் அதைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறாள். அந்த வீட்டில் மாக்சிம் என்றொரு மாமன். இத்தாலியில் கரிபால்டியின் படையில் சேர்ந்து போராடி, ஒரு காலை இழந்து, ஒரு கையும் பழுதாகித் திரும்பியவர். பிள்ளையைப் பொத்தி வைக்காதே, அவன் பாட்டில் நடந்து விழுந்து எழும்பட்டும் என்று தங்கையோடு மல்லுக்கு நிற்பவர் அவர்தான். வன்னியில் இந்த மாமனை எங்களுக்கு யாரும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஊன்றுகோலோடு சந்தைக்கு வருகிறவர்களில் அவரை நாங்கள் தினமும் காண்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. குதிரை லாயத்து வேலைக்காரன் மாலையில் ஊதும் மரக்குழலில் பையன் சொக்கிப் போகிறான். தாய்க்குப் பொறாமை. வியன்னாப் பியானோ ஒன்றைத் தருவித்து வாசிக்கிறாள். பிள்ளை அதைக் கேட்க மிரண்டு மறுபடியும் லாயத்துக்கே ஓடுகிறது. கடைசியில் படித்த அந்தச் சீமாட்டி, வேலைக்காரனின் குழலில் இருப்பது தன் விரலில் ஏன் இல்லை என்று காதுகொடுத்துக் கேட்கத் தொடங்குகிறாள். முள்ளியவளையில் விடிய விடியக் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

2009 இல் அந்தப் பிரதியும் மற்ற எல்லாவற்றோடும் போயிற்று. சில வருடங்களுக்குப் பிறகு சென்னை மறுபதிப்பு ஒன்றை நண்பர் ஒருவர் மூலம் எடுப்பித்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. என்னுடைய உயர்தர வகுப்பில் ஒரு மாணவன். ஆறு வயதில், அந்த 2009 இல், இரண்டு கண்களையும் இழந்தவன். அவனுக்கு இந்தக் கதையை வாசித்துக் காட்டுவதா விடுவதா என்று ஒரு தவணை முழுவதும் யோசித்தேன். ஆறுதல் சொல்வதாக நினைத்து நோகப்பண்ணி விடுவேனோ என்ற பயம். பிறகு பாடசாலை விட்டபின் நாளுக்குப் பத்துப் பக்கமாக வாசித்தோம்.

பாதிக்கு மேல் வந்ததும் அவன் மறித்தான். "சேர், இது கண் தெரிஞ்ச ஆள் எழுதின கதை."

"ஏன் தம்பி?"

"எந்த நேரமும் வெளிச்சத்துக்கு ஏங்குறான் எண்டு எழுதியிருக்கு. எனக்கு வெளிச்சம் ஞாபகத்தில இருக்கு, அது பரவாயில்லை. ஒருத்தரும் கையைப் பிடிக்காம றோட்டால தனியப் போகவேணும், அதுதான் சேர் என்ர ஏக்கம்."

நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பார்வையற்ற அறிஞர் ஷெர்பினா, 1916 அளவில் ஏறத்தாழ இதையே சொல்லியிருக்கிறார்: பார்வையுள்ளவர் பார்வையற்றவரின் மனத்துக்குள் புக எடுத்த முயற்சிதான் இந்தக் கதை என்று. எங்கள் பையனுக்கு ஷெர்பினாவைத் தெரியாது. அடுத்த நாள், "மாக்சிம் மாமா என்ன செய்தார் சேர், மிச்சத்தை வாசியுங்கோ" என்று அவனே கேட்டான். கதாநாயகன் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. மாமனை மட்டும் பிடித்துக்கொண்டான்.

இனி மற்றவர்கள். பொரீஸ் வசீலியெவ்வின் 'அதிகாலையின் அமைதியில்', 1969 இல் ரஷ்ய மொழியில் வந்தது, பூ. சோமசுந்தரம் தமிழாக்கினார். 1942 இல் நடக்கும் கதை. துப்பாக்கி ஏந்திய ஐந்து இளம் பெண்கள், ஐவரும் சாகிறார்கள். வீரத்தை விட, ஒவ்வொருத்தியும் யாருடைய மகள், எதற்கு ஆசைப்பட்டாள் என்பதையே ஆசிரியர் அதிகம் சொல்கிறார். நான் இதை வகுப்பில் உரத்து வாசித்ததில்லை. பிள்ளைகளின் வீடுகளில் மாலை போட்ட படங்கள் எனக்குத் தெரியும்.

சிங்கிஸ் ஐத்மாத்தவ் ரஷ்யர் அல்லர், கிர்கிசியர். இரண்டு மொழியிலும் எழுதியவர். அவருடைய 'முதல் ஆசிரியர்' தானே அரைகுறையாகப் படித்த ஒருவன் பாழடைந்த குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடம் ஆக்கிய கதை. செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் படிப்பித்த எவருக்கும் தொண்டை அடைக்கும். கட்சிப் பிரசாரம் அதில் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை எழுதியவரின் தகப்பனை 1938 இல் சுட்டுக் கொன்றதும் அதே சோவியத் அரசுதான். அதை நினைவில் வைத்து வாசித்தால் வேறொரு கதை தெரியும். குப்ரினின் 'செம்மணி வளையல்' காதல் கதை; வயது வந்தவர்கள் வாசிக்கட்டும்.

ஒரு சின்ன விசயம். ரஷ்யப் பெயர்கள் பலரை முதல் இருபது பக்கத்திலேயே துரத்திவிடும். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். ஒரு துண்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

என்னுடைய கொரலென்கோ பிரதி இப்போது அந்த மாணவனின் தங்கையிடம் இருக்கிறது. அவள் வாசித்துக் கைத்தொலைபேசியில் பதிந்து கொடுக்கிறாள். இதை முடித்ததும் ஐத்மாத்தவ்வைத் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கைவசம் வைத்திருக்கும் நேயர்கள் யாராவது இரவல் தந்தால் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பேன்.